மூடிய கதவும் வெள்ளித்திரையும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றைக் கடந்து செல்லும் பாதை டயகமவை அடைகின்றது. அதற்கப்பால் தேயிலை மலைகளும், அவற்றுக்கு மேலே ஹோட்டன் சமவெளியின் காடுகளுமே உள்ளன. நுவரெலியா மாவட்டத்தின் ஒதுங்கிய மூலைகளுள் ஒன்றான இவ்வூருக்கும், இதனைப் போன்ற ஏனைய தோட்டங்களுக்கும், வெளியுலகச் செய்திகள் பல நெடுங்காலமாகத் திரைப்படத்தின் வாயிலாகவே வந்து சேர்ந்துள்ளன. ஒரு காலத்தில் அட்டன், தலவாக்கலை முதலிய நகரங்களின் படமாளிகைகளிலும், பின்னர் வாடகைக்கு எடுத்துக் காட்டப்பட்ட வீடியோ நாடாக்களிலும், அதன்பின் தொலைக்காட்சியிலும், இன்று கைபேசியிலுமாகத் தமிழ்நாட்டுத் திரைப்படம் மலையகத் தமிழ் மக்களின் இல்லங்களுள் நுழைந்துள்ளது. திருமணம் எவ்வாறு நிகழவேண்டும், வீரன் எவ்வாறு பேசவேண்டும், எவரைக் கண்டு இரங்கவேண்டும், எவரைக் கண்டு சிரிக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் அது கற்பித்துள்ளது.

இவ்வாறு கற்பிக்கப்பட்ட சிரிப்பினால் மிகுதியும் பாதிக்கப்பட்டோர் பால்நிலை மாறியோராவர். ஆணாகப் பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையரும், பெண்ணாகப் பதியப்பட்டுத் தம்மை ஆணென உணரும் திருநம்பியரும் இத்தொகுதியில் அடங்குவர். டயகம போன்றதொரு தோட்டத்தில் வளரும் பிள்ளையொன்று தன்னை அவ்வாறு உணருமாயின், அதனை விளங்கிக்கொள்வதற்குத் தாய் தந்தையரிடம் உள்ள ஒரே பாடநூல் பெரும்பாலும் தாம் பார்த்த திரைப்படங்களே. அப்பாடநூல் அவர்களுக்கு எதைக் கற்பிக்கின்றது? வீட்டாரின் புறக்கணிப்பையும் ஊராரின் வன்முறையையும் அது எவ்வாறு காட்டுகின்றது? பிள்ளையொன்று வீட்டில் இருக்குமா, வீதிக்குப் போகுமா என்பது இவ்வினாக்களோடு தொடர்புடையதாதலின் இவை வெறும் கலை விமரிசனத்துக்கு மட்டும் உரியன அல்ல.

தமிழ் மரபு இம்மக்களை அறியாத மரபன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இவர்களைக் குறிக்கும் பெயர்களைப் பற்றிப் பேசுகின்றார். அப்பெயர்களை உயர்திணையுள் வைத்தே முடிபு கூறுகின்றார். பிற்காலத்து நன்னூலார், ஆண்மை நீங்கிப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும், பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலிலும் சேர்த்தார். பிறப்பை நோக்காது விருப்பை நோக்கிப் பால் வகுத்த அவ்விலக்கணம் வியக்கத்தக்கது. ஆயினும், அவர்களை அஃறிணை போலக் கூறவும் அதே சூத்திரம் இடமளித்துவிட்டது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் இடையிலான இந்த இழுபறி இலக்கண நூலோடு நின்றுவிடவில்லை. ஒரு மனிதரை 'அவள்' என்பதா, 'அது' என்பதா என்னும் வடிவில் அது இன்றும் தெருவிலே கேட்கின்றது.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பேடு. வாணாசுரனின் நகரிலே காமன் பேடிக் கோலம் பூண்டு ஆடியது அது. சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கும்பொருட்டே அவன் அவ்வாறு ஆடினான் என்று உரைகாரர் விளக்குவர். பிள்ளையை மீட்பதற்காகத் தந்தையொருவன் பேடிக் கோலம் பூண்டான் என்று கூறிய அதே மரபில், பேடிக் கோலம் பூண்டதற்காகப் பிள்ளையைத் தந்தை துரத்துவதும் நிகழ்கின்றது.

மலையகத் தோட்டங்களில் இக்காமனே மாசி மாதந்தோறும் காமன் கூத்தாக உயிர்பெறுகின்றான். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலையகத் தமிழர் பேணிவந்த பெருங்கூத்துகளுள் ஒன்று அது. சிவனால் எரிக்கப்பட்ட மதனுக்காக ரதி புலம்பும் கட்டம் கூத்தின் உச்சமாகும். அந்த ரதியின் வேடத்தை மரபுப்படி பூணுபவன் ஓர் ஆண். சேலையும் வளையலும் பூவும் அணிந்து அவன் அழும்போது கூடியிருக்கும் பெண்களும் கண்கலங்குவர். வேடமிட்டவனை எவரும் இழிவாக நோக்குவதில்லை. அவனுக்கு விரதமும் மரியாதையும் உண்டு. ஆனால் கூத்து முடிந்து மறுநாள் காலையில், அதே லயத்தில் வாழும் வேறோர் இளைஞன் அதே சேலையைத் தன் இயல்பாக விரும்பினால் அவனுக்குக் கிடைப்பது ஏளனமே. வேடத்தை ஏற்கும் சமூகம் வாழ்க்கையை ஏற்க மறுக்கின்றது. திரைப்படத்தின் குறையும் அடிப்படையில் இதுவே.

தமிழ்த் திரையில் இவர்கள் முதலில் பெற்ற இடம் நகைப்புக்குரிய இடமாகும். பெண்ணைப்போல் நடக்கும் ஆண் சிறிது நேரம் தோன்றி, கதாநாயகனையோ நகைச்சுவை நடிகரையோ நெருங்கி, அடியோ வசையோ பெற்று மறைவது பல படங்களில் வழக்கமாயிற்று. 'ஒன்பது' என்னும் எண் வசைச்சொல்லாக ஊரெங்கும் பரவியதில் இக்காட்சிகளுக்குப் பெரும் பங்குண்டு. அடுத்து அவர்கள் பெற்ற இடம் அச்சத்துக்குரியது. 1991இல் வெளிவந்த 'சடக்' என்னும் இந்திப் படத்தில் விபசார விடுதி நடத்தும் கொடிய திருநங்கையாக சதாசிவ் அம்ராபுர்க்கர் நடித்தார். 2000ஆம் ஆண்டில் வசந்த் அதனை 'அப்பு' எனத் தமிழில் எடுத்தபோது அவ்வேடம் பிரகாஷ்ராஜிடம் வந்தது. 2015இல் வெளிவந்த ஷங்கரின் 'ஐ' படத்தில், கதாநாயகனை விரும்பிய ஒப்பனைக் கலைஞரான திருநங்கை ஏளனத்துக்குள்ளாகிப் பின்னர் பகைவர் கூட்டத்தில் சேர்கின்றாள். அச்சித்திரிப்பை எதிர்த்துத் திருநங்கையர் சென்னையில் ஆர்ப்பாட்டம் செய்தனர். திரையில் தம்மைக் கண்டவர்கள் திரைக்கு வெளியே வந்து மறுமொழி கூறிய நிகழ்ச்சி என்ற வகையில் அது நினைவுகொள்ளத்தக்கது.

இவற்றுக்கிடையே விதிவிலக்குகளும் இருந்தன. மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்தில், கலவரத்தில் பெற்றோரைப் பிரிந்த இரட்டைச் சிறுவருள் ஒருவனைத் திருநங்கையொருத்தி காப்பாற்றுகின்றாள். தன்னை விலக்கிய உலகின் பிள்ளையைத் தான் விலக்காத அவளுடைய பாத்திரம் சிறியதே. எனினும் அது மனத்தில் நிலைத்தது.

2011க்குப் பின் நகைப்பின் இடத்தை இரக்கம் பெற்றது எனலாம். அவ்வாண்டில் வெளிவந்த ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' பெருவெற்றி பெற்ற படம். பேய்க்கதைக்குள் ஒரு வாழ்க்கைக் கதை அதில் பொதிந்துள்ளது. பெற்றோரால் துரத்தப்பட்ட காஞ்சனாவுக்கு இஸ்லாமியர் ஒருவர் தம் வீட்டில் இடமளிக்கின்றார். தன்னைப் போலவே வீட்டாரால் ஒதுக்கப்பட்ட வேறொருத்தியைக் காஞ்சனா எடுத்து வளர்த்து மருத்துவராக்குகின்றாள். மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்தை அரசியல்வாதியொருவன் கைப்பற்றி, அவளையும் அவளைச் சார்ந்தோரையும் கொல்கின்றான். இறந்தபின் அவள் பேயாக வந்து பழிதீர்க்கின்றாள். சரத்குமார் ஏற்ற அவ்வேடம் திருநங்கையரைப் பற்றிய பேச்சைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுசென்றது என்பதில் ஐயமில்லை.

எனினும் அப்படத்தில் நீதி யாருக்கு வழங்கப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். நிலத்தைப் பறித்தவன் தண்டிக்கப்படுகின்றான். வீட்டை விட்டுத் துரத்திய பெற்றோரோ கதையிலிருந்து மெல்ல நழுவிவிடுகின்றனர். முதற்கதவை மூடியவர்கள் அவர்களே. அக்கதவு மூடப்படாதிருந்தால் ஏனைய துன்பங்களுட் பலவற்றுக்கு வழியே இராது. வன்முறை என்றால் அரிவாள் ஏந்திய கொடியவன் செய்வது என்று படம் காட்டும்போது, கொடியவரல்லாத சாதாரணத் தாய் தந்தையர் செய்தது வன்முறையாகவே தோன்றாது போகின்றது. படம் பார்க்கும் பெற்றோரும் தம்மை அக்கொடியவனோடு ஒப்பிட்டு ஆறுதல் பெறுகின்றனர்.

இக்குறையை நேர்நின்று எதிர்கொண்ட படைப்பாக சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' அமைந்தது. 2020 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வெளிவந்த 'பாவக் கதைகள்' தொகுப்பின் ஒரு பகுதி அது. எண்பதுகளின் கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் வாழும் சத்தார், இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்பவள். காளிதாஸ் ஜெயராம் அவ்வேடத்தை ஏற்றார். சத்தார் விரும்பிய சரவணன் அவளுடைய தங்கையையே விரும்புகின்றான். அறுவைச் சிகிச்சைக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அவ்விருவரும் ஊரைவிட்டுச் செல்வதற்காகச் சத்தார் கொடுத்துவிடுகின்றாள். அவர்கள் திரும்பி வரும்போது அவள் உயிரோடில்லை. ஊரார் செய்த கொடுமையும் வீட்டார் கைவிட்டமையும் ஒன்றுசேர்ந்தே அவளைக் கொன்றன என்பதைப் படம் மறைக்கவில்லை. குடும்ப மானம் என்று போற்றப்படுவதன் விலை என்ன என்பதை அது கணக்கிட்டுக் காட்டுகின்றது.

ஆயினும் அங்கும் திருநங்கை இறந்தே ஆகவேண்டியிருக்கின்றது. தியாகமும் மரணமும் அவளுக்கு விதிக்கப்பட்ட இரு முடிவுகள்போல் திரும்பத் திரும்ப வருகின்றன. காஞ்சனா கொல்லப்படுகின்றாள், சத்தாரும் கொல்லப்படுகின்றாள். கூவாகத்தில் அரவானை மணந்து மறுநாளே தாலியறுக்கும் சடங்கிலும், எரிந்த மதனுக்காக ரதி அழும் கூத்திலும் காணப்படும் ஒப்பாரி வெள்ளித்திரையிலும் தொடர்கின்றது. இறந்தவளுக்காக அழுவது எளிது. அவளுக்கு இனி உணவிட வேண்டுவதில்லை. அயலாருக்கு விடைகூற வேண்டுவதில்லை. தங்கையின் திருமணத்தின்போது அவளை எங்கே நிறுத்துவது என்று கவலைப்பட வேண்டுவதுமில்லை. கண்ணீர் விட்டவன் கடமை முடிந்தவனாக எழுந்து செல்கின்றான். உயிரோடு திரும்பி வந்து வாசலில் நிற்பவளையே வீடு அஞ்சுகின்றது.

அவ்வாறு திரும்பி வருபவளைக் கதையாக்கியது தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019). பல ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுச் சென்ற கணவனை வரவேற்க மனைவி ஜோதியும் மகன் ராசுக்குட்டியும் உறவினரும் கூடியிருக்கையில், சேலையணிந்த ஷில்பாவாக அவன் வந்திறங்குகின்றாள். உறவினர் திகைக்கின்றனர், சிறுவன் மட்டும் திகைப்பதில்லை. காவல் நிலையத்தில் அதிகாரியொருவன் ஷில்பாவுக்கு இழைக்கும் பாலியல் கொடுமையைப் படம் வெளிப்படையாகக் காட்டுகின்றது. அவள் ஆணா பெண்ணா என்பது மகனின் முறைப்பாடன்று. தன்னை விட்டுப் போனாள் என்பதே அவன் முறைப்பாடு. பெரியோர் பலரால் விளங்கிக்கொள்ள முடியாததைச் சிறுவன் விளங்கிக்கொள்கின்றான். விஜய் சேதுபதிக்கு இவ்வேடம் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதை ஈட்டித் தந்தது. மும்பையில் குழந்தைகளைக் கடத்துவதற்கு ஷில்பா உடந்தையாயிருந்தாள் என்ற பகுதி பழைய அவதூறுகளை உறுதிப்படுத்துவதாகத் திருநங்கையர் சிலர் கண்டித்தனர், அக்கண்டனம் நியாயமானது. எனினும் கதவு மீண்டும் திறப்பதைத் தமிழ்த் திரையில் காட்டிய மிகச் சில படங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு முன்னரே சந்தோஷ் சிவனின் 'நவரசா' (2005), சிறுமியொருத்தியின் கண்வழியே இதே பொருளை நோக்கியிருந்தது. தன் சிற்றப்பன் தன்னைப் பெண்ணாக உணர்வதை அறிந்த சிறுமி, கூவாகம் சென்ற அவரைத் தேடிப் புறப்படுகின்றாள். வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டுத் தேடிச் செல்வதே அப்படத்தின் சிறப்பு. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் 'காஞ்சனா' சென்றடைந்த மக்களை அது சென்றடையவில்லை.

திருநங்கையரே தம் கதையைச் சொல்லும்போது தோன்றும் வேறுபாடும் கருதத்தக்கது. லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய 'நான் வித்யா' என்னும் தன்வரலாறு கன்னடத்திலேயே முழுநீளப் படமாயிற்று. லிங்கதேவரு இயக்கிய 'நானு அவனல்ல அவளு' (2015) படத்தில் நடித்த சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அக்கதையின் நாயகி புறக்கணிப்பையும் பிச்சையெடுக்கும் வாழ்வையும் கடந்து உழைத்து உண்ணும் உரிமையைத் தேடுகின்றாள், இறந்துவிடுவதில்லை. 'நர்த்தகி' (2011) படத்தில் கல்கி சுப்ரமணியமும், 'அருவி' (2017) படத்தில் அஞ்சலி வரதனும், ராமின் 'பேரன்பு' (2019) படத்தில் அஞ்சலி அமீரும் தாமே நடித்தபோது, ஆண் நடிகர் பெண் வேடமிட்டுக் காட்டும் மிகை மறைந்து இயல்பு தோன்றியது. திரைக்கு வெளியேயும் சான்றுண்டு. மதுரையில் பிறந்து இளமையிலேயே வீட்டைப் பிரிய நேர்ந்த நர்த்தகி நடராஜுக்குத் தஞ்சைக் கிட்டப்பா பிள்ளை தம் கலையைக் கற்பித்தார். 2019இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு கதவு மூடியபோது வேறொரு கதவு திறந்ததனால் விளைந்த வாழ்க்கை அது.

இலங்கைத் திரையுலகம் இப்பொருளைத் திருநம்பியின் வாழ்வினூடாக அணுகியது. அசோக ஹந்தகமவின் 'தனி தட்டுவென் பியாம்பன்ன' (2002) என்னும் சிங்களப் படத்தின் தலைப்பு ஒற்றைச் சிறகால் பறத்தலைக் குறிப்பது. பெண்ணுடலோடு பிறந்து ஆணாக வாழும் ஒருவர் வாகனத் திருத்தகத்தில் தொழில் செய்கின்றார். மனைவியோடு குடும்பம் நடத்துகின்றார். விபத்தொன்றினால் மருத்துவரிடம் செல்ல நேர, மறைபொருள் வெளிப்படுகின்றது. அனோமா ஜனாதரி ஏற்ற அப்பாத்திரம், உடம்பைப் பற்றிய ஒரு செய்தி வெளிப்பட்ட அளவில் நல்ல தொழிலாளி என்ற பெயரும் நல்ல துணைவன் என்ற பெயரும் எவ்வாறு அழிந்துபோகின்றன என்பதைக் காட்டியது. திருநம்பியரின் துயர் தமிழ்த் திரையில் இன்னும் அரிதாகவே பேசப்படுகின்றது.

சட்டமும் இங்கு நோக்கத்தக்கது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டத்தைத் தண்டிக்கும் பிரிவும் இலங்கையில் இம்மக்களைக் கைது செய்யப் பயன்பட்டு வந்துள்ளன. மறுபுறம், 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, பால்நிலையை ஏற்றுச் சான்றிதழ் வழங்கவும், அதன்வழி பிறப்புப் பதிவைத் திருத்தவும் வழிவகுத்தது. சான்றிதழில் பெயரை மாற்றுவதற்கு ஒரு வழி பிறந்துவிட்டது. வீட்டில் அப்பெயர் சொல்லி அழைப்பதற்கு எச்சுற்றறிக்கையும் வழிவகுக்க இயலாது.

இவையெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் எவ்வாறு பொருந்தும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாகக் கட்டப்பட்ட லயக் காம்பிராக்களில் தலைமுறைகள் வாழ்ந்து வந்துள்ளன. ஒரு சுவரின் இருபுறத்திலும் இரு குடும்பங்கள் உறங்கும் அவ்விடத்தில் இரகசியம் என்பதற்கு இடமில்லை. ஒரு வீட்டில் விழும் அடி லயம் முழுவதும் கேட்கும். ஆகையால் தந்தை கை ஓங்குவது பல வேளைகளில் பிள்ளையின்மீது கொண்ட வெறுப்பினாலன்று. அடுத்த காம்பிராவின் காதுக்கு அஞ்சியே ஆகும். தொழிலும் பால்வழிப் பிரிந்தே கிடக்கின்றது. பெண்கள் கொழுந்தெடுப்பர், ஆண்கள் கவ்வாத்து வெட்டுவர், மருந்தடிப்பர். 1984ஆம் ஆண்டுவரை நாட்சம்பளமும் இருபாலாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பிரட்டுக்களத்தில் எந்த வரிசையில் நிற்பது என்பதே இரு வரிசையிலும் முழுமையாகச் சேராத பிள்ளைக்கு ஒவ்வொரு காலையும் எழும் வினாவாகும். இறுதியில் அப்பிள்ளை கொழும்புக்குப் புறப்படுகின்றது. 'வேலைக்குப் போயிருக்கின்றான்' என்று வீட்டார் கூறுவர். மலையகத்தில் அவ்வசனம் பல துயரங்களை மூடும் போர்வையாக இருந்து வந்துள்ளது.

மலையக மக்களுக்கு இத்துயரை விளங்கிக்கொள்ளும் தகுதி பிறரினும் மிகுதியாக உண்டு. பிறர் வைத்த இழிபெயரால் அழைக்கப்படுவது எத்தகையது என்பதை அவர்கள் அறிவர். 'கூலி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் இகழப்பட்டோர் அவர்களே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் உரிமை பறிக்கப்பட்டு, பத்திரம் இல்லாதவர்களாக வாழ்ந்தோரும் அவர்களே. தம்மை மலையகத் தமிழர் எனத் தாமே பெயரிட்டுக்கொண்டு, அப்பெயரைப் பிறர் ஏற்கவேண்டும் என்று போராடிய சமூகம் அது. தன் பெயரைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையைத் தனக்குக் கேட்ட சமூகம், அவ்வுரிமையைத் தன் பிள்ளைக்கு மறுப்பது பொருந்தாது.

எனவே இத்தகைய படங்களை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகின்றது. படம் முடிந்தபின் எத்தனை பேர் அழுதனர் என்பது அளவுகோலாகாது. பிள்ளை முதன்முதலாக உண்மையைக் கூறும் நேரத்தில் தாயும் தந்தையும் என்ன செய்கின்றனர் என்பதைப் படம் நின்று காட்டுகின்றதா? ஊராருக்கு அஞ்சும் அவர்களுடைய மனத்தின் போராட்டத்தைப் பேசுகின்றதா? பிள்ளை மறுநாளும் அவ்வீட்டில் உண்டு உறங்கி வாழ்வதைக் காட்டுகின்றதா? இவையே கேட்கப்படவேண்டியவை. கொடியவனைக் கொல்லும் கதைகள் போதிய அளவு வந்துவிட்டன. அஞ்சிய தந்தையொருவன் அச்சத்தைக் கடந்து கதவைத் திறக்கும் கதையே அரிதாக உள்ளது. அக்கதை தமிழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. குறும்படம் எடுக்கும் மலையக இளைஞர்கள் லயத்து வாசலிலேயே அதனை எடுக்கலாம். ரதியின் வேடத்தை மதித்த மக்கள் அதனைப் பார்க்க மறுக்கமாட்டார்கள். வேடத்துக்குக் காட்டிய மரியாதையை வாழ்க்கைக்கும் காட்டுமாறு அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்பது கலைஞரின் கடமை.